மெழுகுக்குத் துணை வந்த வேதிப்பொருள்: ஆப்பிள் பூச்சில் மார்ஃபோலின், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆப்பிளைக் கத்தியால் சுரண்டி, வெள்ளைத் துருவலை உள்ளங்கையில் வைத்துக் காட்டும் காணொளி ஆண்டுக்கு ஒருமுறையாவது என் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. “பாருங்கள், மெழுகு!” என்று ஒரு குரல் பதறும். அந்தக் குரல் பொய் சொல்லவில்லை. ஆனால் மரத்திலிருந்து நேரே பறித்த ஆப்பிளைச் சுரண்டினாலும் கொஞ்சம் துருவல் வரும் என்பதை அது சொல்வதில்லை. ஆப்பிள் தன் தோலில் தானே மெழுகு சுரக்கும் பழம். தோட்டத்திலிருந்து வந்த பழத்தைச் சிப்பமிடும் கூடத்தில் கழுவித் தூரிகையால் தேய்க்கும்போது, அந்த இயற்கை மெழுகில் ஒரு பங்கு போய்விடுகிறது. அது போனால் பழத்தின் ஈரம் வெளியேறும், தோல் சுருங்கும், எடை குறையும். எடை குறைந்தால் காசு குறையும். எனவே போனதை ஈடுகட்ட மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுக்கிறார்கள். ஒரு பழத்துக்குச் செல்வது ஓரிரு துளிதான்.

அந்தத் துளியைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் மெழுகைப் பற்றியே கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மட்டும் துருவித் துருவி விசாரித்துவிட்டு, கூடவே வந்திருக்கும் தோழனை யாரென்று கேட்காமல் விடுவதைப் போன்றது இது. கார்னோபா என்ற பனை இலை மெழுகும் அரக்கும் பல பதிற்றாண்டுகளாக ஆராயப்பட்டவை. அவற்றோடு கூட வந்த மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளால், ஒரே ஆப்பிள் ஒரு நாட்டில் சட்டப்படியும் இன்னொரு நாட்டில் சட்டத்துக்குப் புறம்பாகவும் ஆன கதை இது. உண்ணத்தக்க பூச்சுகளின் பாதுகாப்பை எப்படி மதிப்பிடுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியாது.

2010: பிரிட்டன் சந்தையில் சிலி ஆப்பிள்

தென் அரைக்கோளத்தில் இருப்பதால் சிலிக்கு ஆப்பிள் ஏற்றுமதியில் ஒரு வசதி உண்டு. ஐரோப்பாவின் சொந்த அறுவடை தீர்ந்து கிடங்குகள் காலியாகும் மாதங்களில் சிலியின் பழம் வந்து இறங்கும். கப்பலில் வாரக்கணக்கில் வர வேண்டிய பழத்துக்குப் பூச்சு மிகவும் பயன்படும்.

அப்படி வந்த சில ஆப்பிள்களின் பூச்சில் மார்ஃபோலின் இருப்பது 2010-இல் பிரிட்டனில் தெரியவந்தது. அந்நாட்டின் உணவுத் தர முகமை அப்போது சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன. அப்போது பிரிட்டனும் உறுப்பினராக இருந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பொருளை உணவில் பயன்படுத்த அனுமதி இல்லை என்பதால் இந்தப் பழங்களை விற்கக் கூடாது என்பது ஒன்று. ஏற்கெனவே தின்றவர்களின் உடல்நலத்துக்குக் கேடு வரும் என்று கருதவில்லை என்பது மற்றொன்று.

படித்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. கேடில்லை என்றால் ஏன் விற்கக் கூடாது? விற்கக் கூடாது என்றால் எப்படிக் கேடில்லை? முகமை மழுப்புகிறது என்றுதான் பலருக்குத் தோன்றியிருக்கும். என் பார்வையில் அது மழுப்பல் இல்லை. இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு இரண்டு நேர்மையான விடைகள் அவை. அதைப் புரிந்துகொள்ள, அந்த வேதிப்பொருள் பூச்சுக்குள் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மெழுகும் நீரும்

மெழுகு நீரில் கலக்காது. ஆனால் ஓடும் பட்டையில் உருண்டு வரும் ஆயிரக்கணக்கான பழங்கள் மீது தெளிக்க நீர்மமாக ஒன்று வேண்டும். எனவே மெழுகை உருக்கி, அதோடு ஒலீயிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து, ஒரு காரத்தையும் ஊற்றுகிறார்கள். காரமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் சோப்பு. அந்தச் சோப்பு மெழுகை நுண்துளிகளாக உடைத்து நீரில் பரப்பி வைக்கும். பாலில் கொழுப்பு பரவி நிற்பதைப் போன்ற பால்மம் அது. அரக்குக்கும் இப்படியே. நீரில் கரையாத அரக்குப் பிசின் காரம் கலந்த நீரில் கரைந்துவிடும்.

எந்தக் காரம் என்பதில்தான் தொழில் நுணுக்கம் இருக்கிறது. சோடா உப்புக் காரங்களைப் போட்டால் சோப்பு பழத்தின் மேலேயே தங்கிவிடும். குளிர்கிடங்கிலிருந்து பழத்தை வெளியே எடுத்ததும் மேலே வியர்வைபோல நீர் கோக்குமல்லவா, அந்த நீரில் சோப்பு மறுபடி கரைந்து பூச்சு வெளுத்துப்போகும். பளபளவென்று போன பழம் கடையில் பூசணம் பூத்ததுபோல் நிற்கும். எந்த வியாபாரிக்கும் அது பிடிக்காது. எனவே வேலை முடிந்ததும் தானே ஆவியாகிப் போய்விடும் காரம் வேண்டும். அது போனபின் மிஞ்சுவது நீரில் கரையாத கொழுப்பு அமிலமும் மெழுகும் மட்டும்.

அம்மோனியா அப்படிப்பட்ட காரம்தான். ஆனால் அது அவசரக்காரக் காரம். கலவை நிலைபெறுமுன் பறக்கத் தொடங்கிவிடும், கூடம் முழுவதும் கண்ணைக் கரிக்கும். மார்ஃபோலின் நிதானமானது. கொதிநிலை 129 டிகிரி செல்சியஸ். நீர் உலர உலர அதன் பின்னாலேயே மெதுவாக வெளியேறும். பூச்சு ஒரே சீராகப் படியும், மினுமினுப்பும் கூடும். தொழில்துறை அதை விரும்பியதற்குக் காரணம் இவ்வளவுதான். மோசடி எதுவும் இல்லை.

அமெரிக்கா இதை வெளிப்படையாகவே அனுமதித்திருக்கிறது. கொழுப்பு அமிலங்களின் உப்பாக, புதிய பழங்கள், காய்கறிகளின் பாதுகாப்புப் பூச்சில் மார்ஃபோலினைப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு உணவுச் சேர்மான விதிகளில் தனிப் பிரிவே உண்டு. அதே விதித்தொகுப்பில் இன்னோர் இடத்தில், கொதிகலன் நீரில் அரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் பொருளாகவும் இது வருகிறது. உணவைத் தொடும் நீராவியில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த நீராவி பாலையோ பால் பொருள்களையோ தொடவே கூடாது. ஒரே நாட்டில், ஒரே பொருளுக்கு, ஆப்பிளுக்கு ஒரு மனநிலை, பாலுக்கு ஒரு மனநிலை.

தனியாக இருந்தால் சாது

புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1989-இல் மார்ஃபோலினை மூன்றாம் குழுவில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த இயலாதவை இருக்கும் குழு அது. ஓய்வுபெற்ற ஊழியரின் சேவைப் பதிவேடு போல, பெரிய புகார் ஒன்றும் இல்லை.

சிக்கல் வாயிலிருந்து தொடங்குகிறது. கீரை, பீட்ரூட், முள்ளங்கி போன்றவற்றில் நைட்ரேட் மிகுதி. நாம் உண்ணும் நைட்ரேட்டில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கை உடல் மறுபடி உமிழ்நீரில் சுரக்கிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. ஆக, உண்ட நைட்ரேட்டில் ஏறத்தாழ 5 சதவீதம் நைட்ரைட்டாகி வயிற்றுக்குள் போகிறது. இரைப்பையின் அமிலத்தில் இந்த நைட்ரைட், மார்ஃபோலினைச் சந்தித்தால் நைட்ரோசோமார்ஃபோலின் உண்டாகிறது. அது சாது இல்லை. எலிகளில் கல்லீரல் கட்டிகளை உண்டாக்கிய பொருள் அது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் ‘2-பி’ குழுவில் இருக்கிறது.

இந்தச் சந்திப்பு வெறும் ஊகம் இல்லை என்பதை 1976-இல் வெளிவந்த ஒரு விலங்காய்வு காட்டியது. மார்ஃபோலினையும் சோடியம் நைட்ரைட்டையும் தீவனத்தில் மிகுதியாகச் சேர்த்துக் கொடுத்த எலிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கல்லீரலில் புற்று வந்தது. நைட்ரோசோமார்ஃபோலினை யாரும் அவற்றுக்கு ஊட்டவில்லை. அவற்றின் வயிறே சமைத்துக்கொண்டது. அதே ஆய்வில் ஹாம்ஸ்டர்களுக்கு இந்த அளவு பாதிப்பு இல்லை. மனிதன் இந்த விஷயத்தில் எலியைப் போலவா, ஹாம்ஸ்டரைப் போலவா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல யாராலும் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் மதிப்பீட்டாளர்கள் எலியின் பக்கம் நிற்பதுதான் வழக்கம். சரியான வழக்கம் என்றே நினைக்கிறேன்.

இந்த வினையின் வேகத்தில் ஒரு வினோதம் உண்டு. மார்ஃபோலின் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். நைட்ரைட் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்காகும். அதாவது நைட்ரைட் அளவின் இருமடிக்கு ஏற்ப வேகம் கூடுகிறது. அமிலத்தன்மையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. வெறும் வயிற்றின் கடும் அமிலத்தைவிட, உணவு விழுந்து சற்றுத் தணிந்த நிலை, அதாவது அமிலக் குறியீட்டு எண் (pH) மூன்றை ஒட்டிய நிலை, இதற்கு மிகத் தோதானது. சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆப்பிள் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ அந்த நிலைதான். இன்னொன்று, மார்ஃபோலின் ஒப்பீட்டளவில் வீரியம் குறைந்த காரம் என்பதால், தன் வகைச் சேர்மங்கள் பலவற்றைவிட எளிதாக நைட்ரைட்டோடு சேர்ந்துவிடும்.

நல்ல செய்தியும் உண்டு. வைட்டமின் சி இருந்தால் நைட்ரைட் முதலில் அதோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். இதை 1972-இல் மிர்விஷ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் காட்டினார்கள். நெல்லிக்காயோடு உண்டால் என்ன ஆகும் என்று நம்மூர்க்காரர் யாராவது சோதித்திருந்தால் மகிழ்வேன். ஆப்பிளில் வைட்டமின் சி குறைவு. 100 கிராமுக்கு ஐந்து மில்லிகிராமை ஒட்டித்தான்.

கனடாவின் கணக்கு

சிலி ஆப்பிள் விவகாரத்துக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2002-இல், கனடாவின் சுகாதாரத் துறை இதே கேள்வியை எடுத்து மதிப்பீடு செய்திருந்தது. ஆப்பிள் மெழுகுப் பூச்சில் உள்ள மார்ஃபோலின் கேடு விளைவிக்குமா? அவர்கள் இரண்டு படிகளில் பார்த்தார்கள். மார்ஃபோலின் மார்ஃபோலினாகவே உடலுக்குள் போனால் என்ன என்பது முதற்படி. வயிற்றில் அது நைட்ரோசோமார்ஃபோலின் ஆனால் என்ன என்பது இரண்டாம் படி. முடிவு: உடல்நலத்துக்கு ஆபத்து இல்லை.

முதற்படி எளிது. நீண்டகால விலங்காய்வு, அதில் கேடு தெரியாத அளவு, அதைப் பாதுகாப்புக்காகப் பல மடங்கு வகுத்த எண், மக்கள் உண்ணும் அளவோடு ஒப்பீடு. மார்ஃபோலின் இதில் இடறுவதில்லை. இரண்டாம் படிதான் வழுக்குப் பாறை. உட்கொண்ட மார்ஃபோலினில் எவ்வளவு பங்கு உருமாறுகிறது என்பதை உயிருள்ள மனிதனின் வயிற்றுக்குள் அளந்து பார்க்க முடியாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருளை வேண்டுமென்றே உண்டாக்க யாரும் ஒப்புதல் தரப்போவதில்லை, தரவும் கூடாது. ஆகவே கண்ணாடிக் குடுவை வேதியியல், விலங்குத் தரவு, உமிழ்நீர் நைட்ரைட் அளவு ஆகியவற்றைக் கோத்து ஒரு மாற்ற வீதத்தைக் கருதிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கருதுகோள் எவ்வளவு கனமானது என்று பார்க்க, நானே ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். இது என் கணக்கு. எந்த முகமையின் முடிவும் இல்லை. எச்சத்தின் அளவும் பேச்சுக்காக நான் எடுத்துக்கொண்டது.

180 கிராம் ஆப்பிள் ஒன்று, தோலோடு. எச்சம் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பழத்தில் 0.9 மில்லிகிராம் மார்ஃபோலின். மூலக்கூறு எடை மார்ஃபோலினுக்கு 87, நைட்ரோசோமார்ஃபோலினுக்கு 116. முழுவதும் உருமாறினால் 1.2 மில்லிகிராம், அதாவது 12 லட்சம் நானோகிராம். இது ஒருபோதும் நடக்காது. இனி மறுபக்கம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உணவிலுள்ள பத்து நைட்ரோசமைன்களை, அதாவது நைட்ரைட் சேர்ந்து உருவாகும் இவ்வகைப் பொருள்களை, ஒரு குழுவாக மதிப்பிட்டது. நைட்ரோசோமார்ஃபோலினும் அதில் ஒன்று. விலங்குகளில் கட்டி வரும் வாய்ப்பை 10 சதவீதம் கூட்டும் அளவின் கீழ் எல்லையாக, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் என்ற எண்ணை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மரபணுவைத் தாக்கும் புற்றுநோய்ப் பொருள்களுக்கு, இந்த எண்ணுக்கும் நாம் உண்ணும் அளவுக்கும் இடையே குறைந்தது 10,000 மடங்கு இடைவெளி இருந்தால்தான் கவலை குறைவு என்பார்கள். 10 மைக்ரோகிராமை 10,000 ஆல் வகுத்தால் 1 நானோகிராம். 60 கிலோ மனிதருக்கு 60 நானோகிராம்.

12 லட்சத்தில் 60 என்பது இருபதாயிரத்தில் ஒன்று. அதாவது நாள்தோறும் ஓர் ஆப்பிள் தின்பவரின் வயிற்றில், இருபதாயிரம் மார்ஃபோலின் மூலக்கூறுகளில் ஒன்று உருமாறினால் போதும், அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு எண்பதாயிரத்தில் ஒன்று போதும்.

இதைப் பார்த்து யாரும் ஆப்பிளைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த 10 மைக்ரோகிராம் எண், குழுவிலேயே வீரியம் மிகுந்த ஒன்றின் அடிப்படையில் எச்சரிக்கையாக எடுத்தது. 10,000 மடங்கு என்பது கவலைப்படத் தேவையில்லாத தூரம். அதைத் தாண்டினால் நோய் என்று பொருளில்லை. நான் இங்கே காட்ட விரும்புவது வேறு. முழு மதிப்பீடும் ஒரு மாற்ற வீதத்தின் மேல் நிற்கிறது. அதை லட்சத்தில் ஒன்று என்று கொண்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆயிரத்தில் ஒன்று என்று கொண்டால் தூக்கம் வராது. நைட்ரைட் இருமடி விதியை நினைத்துக்கொண்டால், கீரை தின்றவருக்கும் தின்னாதவருக்கும் இந்த வீதம் ஒன்றாக இருக்க வழியில்லை. நேர்மையான இரண்டு குழுக்கள் ஒரே தரவிலிருந்து வேறு வேறு முடிவுக்கு வர இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

ஐரோப்பாவின் தடையைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். “ஐரோப்பா தடை செய்த நச்சு” என்ற தலைப்பு கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. அங்குள்ள சட்டம் அனுமதிப் பட்டியல் முறையில் இயங்குகிறது. உணவுச் சேர்மானம் எதுவானாலும் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும், தொழில்நுட்பத் தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டும், நுகர்வோரை ஏமாற்றாது என்றும் காட்ட வேண்டும். மூன்றும் தேறிப் பட்டியலில் ஏறினால்தான் பயன்படுத்தலாம். மார்ஃபோலின் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே விற்பனை சட்டமீறல். ஆபத்து நிரூபணமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. 2010-இல் பிரிட்டன் முகமை சொன்ன இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று மறுக்காதது இதனால்தான்.

தொழில்நுட்பத் தேவை என்ற இரண்டாவது நிபந்தனையைத்தான் நான் இந்த வழக்கின் உயிர்நாடியாகப் பார்க்கிறேன். ஆபத்தின் அளவு விவாதத்துக்குரியதாக இருக்கும்போது, “இது இல்லாமல் முடியாதா?” என்று கேட்பது மிக நடைமுறையான கேள்வி. விடையும் இருந்தது. ஃப்ளோரிடாவின் வின்டர் ஹேவனில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஹேகன்மையர், பழப் பூச்சுகளில் மார்ஃபோலினுக்குப் பதில் அம்மோனியாவை வைப்பது பற்றி 2004-இல் கட்டுரை வெளியிட்டார். மார்ஃபோலினை அனுமதித்திருக்கும் நாட்டின் அரசு ஆய்வகமே மாற்று தேடியது என்பதைக் கவனிக்க வேண்டும். அவசரக்காரக் காரமானாலும் கலவையைச் சரியாகக் கட்டினால் வேலை செய்யும். அம்மோனியா நைட்ரைட்டோடு சேர்ந்து நிலையான நைட்ரோசமைனைத் தராது. கூடத்தில் கொஞ்சம் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் வயிற்றுக்குள் நடக்கும் அந்த வினையைப் பற்றிய பேச்சே எழாது.

அதே கேள்வி, வேறு பூச்சுகளில்

துணைக்கு வந்ததை விசாரிக்கும் இந்தப் பார்வையோடு மற்றப் பூச்சுகளைப் பார்த்தால், மதிப்பீட்டு அறிக்கைகளின் சாரம் எளிதில் பிடிபடும்.

அரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்டின் காடுகளில் பலாசு, இலந்தை, குசும் மரங்களில் வாழும் பூச்சியின் சுரப்பு. நம் முன்னோர் அரக்கு மாளிகை கட்டிய காலத்திலிருந்து அறிந்த பொருள். ராஞ்சியில் 1924-இல் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் அரக்கை மறுமதிப்பீடு செய்தபோது, மெழுகு நீக்கி, வேதிமுறை இல்லாமல் நிறம் நீக்கிய அரக்குக்கு, நாள்தோறும் ஏற்கத்தக்க அளவாக உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. வேதிமுறையில் வெளுக்கப்பட்ட அரக்குக்கு அதே எண்ணைத் தற்காலிகமாக மட்டுமே கொடுத்தது. வெளுக்கும்போது குளோரின் சேர்ந்த மாசுகள் எவை, எவ்வளவு தங்குகின்றன என்ற தரவு போதவில்லை என்பது காரணம். மெழுகு நீக்காத அரக்குக்கு எண்ணே தரவில்லை. பூச்சியிடமிருந்து வந்த பிசின் ஒன்றுதான். அதை வெளுத்தது எது என்பதில் தீர்ப்பு மாறிவிட்டது.

கொழுப்பு அமிலங்களின் ஒற்றைக் கிளிசரைடு, இரட்டைக் கிளிசரைடுகளின் கதையும் இதுதான். ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் நாம் நெடுநாளாக உண்டுவருபவை. 2017-இல் அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றுக்கு எண் வரம்பே தேவையில்லை என்றது. அதே மூச்சில், எண்ணெயைச் சூடாக்கித் தயாரிக்கும்போது நுழையக்கூடிய கிளிசிடால் போன்ற மாசுகளுக்கும், நச்சு உலோகங்களுக்கும் வரம்பு வேண்டும் என்றது. 2019-இல் சில பழங்களின் மேற்பூச்சுக்கு இவற்றை அனுமதித்தபோது, ஆரஞ்சு வகை, வாழை, மா, பப்பாளி, அவகாடோ, மாதுளை, அன்னாசி, முலாம் என்று பெரும்பாலும் தோலை உண்ணாத பழங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். தோலைத் தின்னாவிட்டால் கூடுதலாக எதுவும் உள்ளே போகாது என்ற தர்க்கம். மார்மலேட் என்ற பெயரில் ஆரஞ்சுத் தோலைப் பாகில் வேகவைத்து ரொட்டியில் தடவும் கண்டத்தில் இந்தத் தர்க்கம் எப்படி முழுதாகப் பொருந்தும் என்று எனக்குப் புன்னகை வந்தது. நாமும் எலுமிச்சையைத் தோலோடு ஊறுகாய் போடுகிறவர்கள். ஆரஞ்சுத் தோலில் குழம்பு வைக்கும் வீடுகளும் உண்டு. எந்த உறுப்பை உண்கிறார்கள் என்ற கருதுகோள் சமையலறைக்குச் சமையலறை மாறும்.

இதே கிளிசரைடுகளை வைத்து அமெரிக்காவில் பூச்சு செய்யும் அப்பீல் நிறுவனம் 2023-இல் பட்ட பாடு தனிக்கதை. 2012-இல் கேட்ஸ் அறக்கட்டளையிடம் ஒரு லட்சம் டாலர் நல்கை பெற்ற நிறுவனம் என்பதே சந்தேகம் கிளப்பப் போதுமானதாக இருந்தது. போதாக்குறைக்கு, பிரிட்டனில் அதே பெயரில் விற்கும் ஒரு துப்புரவுத் திரவத்தின் பாதுகாப்புத் தாளை யாரோ எடுத்து, கண்ணுக்குக் கேடு என்ற வரியைச் சுட்டிக்காட்டிப் பரப்பினார்கள். பெயரைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. மறுப்புகள் வந்தன, வீடியோக்கள் நிற்கவில்லை. அந்தக் கூச்சலில், கிளிசிடால் பற்றிய உருப்படியான கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போனது. பூச்சுக்கு எதிராகப் பேசியவர்கள் மேல் எனக்குள்ள ஒரே கோபம் அதுதான்.

ஒவ்வாமையையும் விட்டுவிடக் கூடாது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன், பால் புரதம், கோதுமைப் புரதம் ஆகியவற்றிலும் பூச்சுகள் ஆய்வகங்களில் செய்யப்படுகின்றன. ஆப்பிளைக் கடிக்கும் ஒருவர் அதில் பாலையோ கோதுமையையோ எதிர்பார்க்க மாட்டார்.

அட்டைப் பெட்டி

இந்தியச் சட்டம் புதிய பழங்களுக்குத் தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகிய மூன்றை அனுமதிக்கிறது. பூசியிருந்தால், மெழுகு பூசப்பட்டது என்றும் எந்த மெழுகு என்றும் அறிவிக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் இங்கே ஆப்பிள் பெட்டியோடு வீட்டுக்கு வருவதில்லை. மொத்த அங்காடியில் பெட்டி பிரிபடுகிறது, பழம் தள்ளுவண்டியில் கோபுரமாக ஏறுகிறது, அறிவிப்பு பழைய அட்டைக்காரரிடம் எடைக்குப் போகிறது.

இதை எழுதத் தொடங்கிய வாரம், வழக்கமாக வாங்கும் பழக்கடையில் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எதற்குங்க சார், வீடு மாற்றுகிறீர்களா?” என்றார். இல்லை, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். பின்னாலிருந்து ஒரு வெளிநாட்டு ஆப்பிள் பெட்டியை இழுத்துப்போட்டார். ரகம், அளவு, சிப்பமிட்ட கூடத்தின் எண், இறக்குமதியாளர் முகவரி. ஓரத்தில் பொடி எழுத்தில் மெழுகின் பெயர், கார்னோபா. அதை நீரில் கரைக்க ஊற்றிய காரம் எது என்று பெட்டியின் ஆறு பக்கங்களையும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. எந்த நாட்டின் விதியும் அதை அட்டையில் அச்சிடச் சொல்லி நான் படித்ததில்லை.

ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன். வீட்டில் என் மகளுக்குத் தோல் சீவிக் கொடுத்தேன். நான் தோலோடு தின்றேன்.